சைகை மொழி இன்டர்பிரட்டர் ஆகணுமா? நம்ம கொங்குப் பக்கத்து ஆளுங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர்னு நம்ம பக்கத்துல இருந்து படிக்கற புள்ளைங்க, வேலையை விட்டுட்டு வேற ஏதாச்சும் பண்ணலாம்னு இருக்கறவங்க, வீட்டுல காது கேளாத கொழந்தை இருக்கற அம்மாக்கள்னு நிறைய பேரு இந்த வேலை பார்க்கற என்கிட்ட கேக்கறாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை மட்டும் இங்க போட்டிருக்கேன், பதில் சிலது நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

இன்டர்பிரட்டர்னா காது கேளாதவங்களுக்கு உதவி பண்றவங்க, அவ்வளவுதானுங்களே அக்கா?

இல்லீங்க. ரெண்டு பேரு பேசிக்கணும், ஒருத்தரு சைகையில பேசறாரு, இன்னொருத்தரு தமிழ்ல பேசறாரு, நடுவுல நாம நிக்கறோம். அந்த டெஃப் ஆளுக்கு, அதாவது காது கேளாதவருக்கு, நாம எவ்வளவு தேவையோ டாக்டருக்கும் மேனேஜருக்கும் அதே அளவு தேவை, ஏன்னா சைகை தெரியாம முழிக்கறது அவங்கதானுங்க. இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம், அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம், கூட்டாம குறைக்காம சேர்க்கறதுதான் நம்ம சோலி. நடுவுல புகுந்து "பாவம்ங்க, இவருக்கு கொஞ்சம் பார்த்து செஞ்சு குடுங்க"ன்னு நாமளா சிபாரிசு பண்றதெல்லாம் கூடவே கூடாது, அவருக்கு வாதாட அவருக்கே தெரியும். புண்ணியம் சேர்க்கலாம்னு வர்றவங்க பாதியிலயே போயிடறாங்க, மொழி மேல ஆசைப்பட்டு வர்றவங்க நின்னுடறாங்க. நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான்.

சைகை உலகம் பூரா ஒண்ணுதானே? இல்ல தமிழைத்தான் கையில காட்டறாங்களா?

ரெண்டும் இல்லீங்க. நம்ம நாட்டுல இருக்கறது இந்திய சைகை மொழி, ஐ.எஸ்.எல்.னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல வேற, இங்கிலாந்துல வேற. அமெரிக்கா ஆளுங்க ஏ பி சி டி எழுத்தை ஒத்தைக் கையில காட்டுவாங்க, நம்மாளுங்க ரெண்டு கையிலயும் காட்டுவாங்க, அதுனால நெட்ல வர்ற அமெரிக்க வீடியோவைப் பார்த்துக் கத்துட்டு வந்தா காந்திபுரத்துல ஒருத்தருக்கும் புரியாது.

இலக்கணமும் தனி. "நீ எங்க போற"ன்னு நாம கேக்கறதை அவங்க நீ – போறது – எங்க அப்படிங்கற வரிசையில காட்டுவாங்க, கேள்வி கடைசியில வரும், கூடவே புருவமும் மாறணும். முகத்தை இறுக்கமா வெச்சுட்டு கையை மட்டும் ஆட்டினா அது கேள்வியா சாதா வாக்கியமான்னே தெரியாது. "நேத்து", "நாளைக்கு"ங்கற நேரம் முதல்லயே வந்துரும், "இல்லை" "வேண்டாம்" பெரும்பாலும் கடைசியில.

ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. கலர், கிழமை, சொந்தக்காரங்க முறை இதெல்லாம் டெல்லியில ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு இருக்கும். ஊர்ப் பேரு இருக்கே, அது தனிக் கூத்து. நம்ம பக்கம் எங்க பார்த்தாலும் பாளையம், பெரியநாயக்கன்பாளையத்தையும் கோபிசெட்டிபாளையத்தையும் எழுத்து எழுத்தா விரல்ல காட்டி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே போயிரும், அதுனால உள்ளூர் டெஃப் ஆளுங்க ஒவ்வொரு ஊருக்கும் சின்னதா ஒரு சைகை வெச்சிருப்பாங்க. எந்தப் புஸ்தகத்துலயும் அது கிடைக்காது, அவங்ககிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

சரிங்க, எங்க படிக்கறது? என்ன படிப்பு?

முறையான படிப்புன்னா டிப்ளமா இன் இண்டியன் சைன் லாங்வேஜ் இன்டர்பிரட்டேஷன், சுருக்கமா டி.ஐ.எஸ்.எல்.ஐ. ரெண்டு வருசம். ப்ளஸ் டூ முடிச்சிருக்கணும், எந்த குரூப்பா இருந்தாலும் சரி. இந்தியா மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகாரம் குடுத்த படிப்பு இது. முடிச்சதும் ஆர்.சி.ஐ. பதிவேட்டுல பேரைப் பதிஞ்சு நம்பர் வாங்கணும், அப்புறம் அப்பப்ப பயிற்சி வகுப்பு போயி பாயிண்ட் சேர்த்து அந்தப் பதிவைப் புதுப்பிச்சுக்கணும்.

டெல்லியில 2015ல மத்திய அரசு ஆரம்பிச்ச இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம்தான் இதுக்கெல்லாம் தலைமை மாதிரி, அங்கயே இந்த டிப்ளமா இருக்கு. கேரளாப் பக்கம் போனா திருவனந்தபுரத்துல நிஷ்னு பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனம் இருக்கு. நம்ம ஊர்லயே பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்துல இருக்கற பல்கலைக்கழகத்தோட மாற்றுத்திறனாளிகள் மேலாண்மை, சிறப்புக் கல்வித் துறை சைகை மொழியில பல வருசமா வேலை பண்ணிட்டு இருக்கு, முதல்ல அங்க போயி விசாரிங்க. எந்த வருசம் எங்க சீட் திறக்குது, பீஸ் எவ்வளவுங்கறது மாறிட்டே இருக்கும், அதுனால ஆர்.சி.ஐ. வெப்சைட்ல அந்த வருசத்து லிஸ்ட்டைப் பார்த்துட்டுத்தான் பணம் கட்டணும். "மூணு மாசத்துல சர்டிபிகேட், உடனே கவர்மெண்ட் வேலை"ன்னு யாராச்சும் சொன்னா பணத்தை இறுக்கிப் பிடிச்சுக்கங்க.

காது கேளாதவங்களுக்குன்னு தனியா சைகை மொழி சொல்லித்தர்ற ஆசிரியர் டிப்ளமாவும் இருக்கு, அதுவும் ரெண்டு வருசம். நல்ல சென்டர்ல உங்களுக்கு மொழி சொல்லித் தர்றது அப்படிப் படிச்ச டெஃப் ஆசிரியராத்தான் இருப்பாரு.

அந்த ரெண்டு வருசத்துல அப்படி என்னதான் சொல்லித் தருவாங்க?

முதல்ல மொழி. கிளாஸ்ல டெஃப் ஆசிரியர் நின்னா வாயைத் திறக்கவே விடமாட்டாரு, ஆரம்பத்துல தலையே வலிக்கும். அப்புறம் இலக்கணம், டெஃப் ஆளுங்களோட வாழ்க்கை முறை, சட்டம், தொழில் நெறி. அதுக்கப்புறம்தான் இன்டர்பிரட்டிங். அதுல ஒருத்தர் பேசி நிறுத்தினதும் நாம காட்டறது ஒரு வகை, பேசப் பேசவே காட்டறது இன்னொரு வகை. ரெண்டாவதுல பேசறவருக்கு ஒரு வாக்கியம் பின்னாலயே போகணும், ரொம்ப ஒட்டிப் போனா தமிழ் வரிசையிலயே சைகை வந்துரும், ரொம்பப் பின்தங்கினா நம்பரும் பேரும் விட்டுப் போயிரும்.

நிறைய பேரு நினைக்கறது கைதான் கஷ்டம்னு. உண்மையில கஷ்டம் சைகையைப் பார்த்து குரல்ல சொல்றதுங்க. நாம காட்டறப்போ நமக்குத் தெரிஞ்ச சைகையை வெச்சுக் காட்டிடலாம், அவங்க காட்டறப்போ அவங்க வேகம், அவங்க ஊர் ஸ்டைல், எல்லாத்தையும் பிடிச்சு நல்ல தமிழ்ல உடனே சொல்லணும். அதுக்கு தமிழும் நல்லா வரணும், அதை யாரும் யோசிக்கறதே இல்ல.

யூட்யூப் பார்த்து வீட்டுலயே கத்துக்க முடியாதுங்களா?

ஆரம்பிக்கலாம். டெல்லி மையம் போட்ட அகராதி 2018ல 3,000 சொல்லோட வந்துச்சு, 2021ல 10,000 ஆச்சு, எல்லாம் வீடியோ, இலவசம். சைன் லேர்ன்னு ஆப்பும் இருக்கு. 2024 டிசம்பர்ல மத்திய அரசோட கல்வி டி.வி.யான பி.எம். ஈ-வித்யாவுல 31ஆம் நம்பர் சேனலே சைகை மொழிக்குன்னு வந்தாச்சு. தினம் கொஞ்ச நேரம் பாருங்க, தப்பே இல்ல.

ஆனா வீடியோ உங்ககிட்ட திருப்பிப் பேசாதுங்களே. மேட்டுல நின்னுட்டு கெணத்து நீச்சல் பழகற கதைதான். டெஃப் சங்கத்துக்காரங்க ஞாயித்துக்கெழமை கூடுவாங்க, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாப் பக்கமும் நடக்குது, அங்க போங்க. போயி சும்மா ஓரமா உக்காருங்க, டீ வாங்கிக் குடுங்க, கிரிக்கெட் பத்திப் பேசுங்க. முதல் நாலஞ்சு வாரம் ஒண்ணும் புரியாது, வெசனப்படாதீங்க. கொஞ்ச நாள்ல உங்களுக்குன்னு ஒரு பேர் சைகை வெச்சுருவாங்க, மூக்கு, மச்சம், சிரிப்புன்னு எதையாச்சும் பார்த்து வெப்பாங்க, அதுல கோவிச்சுக்கக் கூடாது. நாமளா ஒண்ணு வெச்சுட்டுப் போறதும் மரியாதை இல்ல.

என் அப்பா அம்மா ரெண்டு பேருமே டெஃப். எனக்கு கோர்ஸ் எதுக்கு?

உங்களுக்கு மொழி தாய்ப்பாலோட வந்தது, எங்களுக்கெல்லாம் பொறாமையா இருக்கும். உங்களை மாதிரி ஆளுங்களை கோடான்னு சொல்லுவாங்க, கூடப் பொறந்தவங்க டெஃப்னா சோடா. இந்த ரெண்டு கூட்டத்துக்கும் முழு டிப்ளமா இல்லாமலே திறன் தேர்வு வெச்சு அங்கீகாரம் குடுக்கற வழியை டெல்லி மையம் கொண்டு வந்திருக்கு, விசாரிங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். சின்ன வயசுல இருந்து பேங்க்லயும் ரேஷன் கடையிலயும் அப்பா அம்மாவுக்காக நீங்களே பேசி முடிச்சுப் பழகியிருப்பீங்க, வெளியாளுக்கு இன்டர்பிரட் பண்றப்போ அந்தப் பழக்கம் முந்திக்கும். பேச்சை நீங்க முடிக்கக் கூடாது, அவங்க முடிக்கணும்.

ஸ்பெஷல் பி.எட். முடிச்சிருக்கேன், அது போதுமா?

போதாதுங்க. அது டீச்சர் வேலை. நிறைய பள்ளிக்கூடத்துல பேச்சுப் பயிற்சியைத்தான் முன்னால வெச்சாங்க, அதுனால வருசக்கணக்கா பாடம் நடத்தியும் சைகை சரளமா வராத டீச்சருங்க இருக்காங்க.

நம்ம பக்கம் வேலை எங்கெங்க கிடைக்கும்?

திருப்பூர்தான் முதல்ல. பனியன் கம்பெனிகள்ல டெஃப் ஆளுங்க நிறைய பேரு டெய்லர், செக்கிங், பேக்கிங்ல இருக்காங்க. வேலைக்கு எடுக்கறப்போ, ட்ரெயினிங் அப்போ, மாசாந்திர மீட்டிங் அப்போ நம்மளைக் கூப்பிடுவாங்க. ஒரு மீட்டிங் எப்படிப் போகும்னு சொல்றேன். ஹெச்.ஆர். மைக்ல பி.எஃப். பிடித்தம், ஓ.டி., நோம்பி லீவு, போனஸ்னு அடுக்கிட்டே போவாரு, நடுவுல என்னைப் பார்த்து "அவன்கிட்ட சொல்லுங்க, ஓ.டி. அடுத்த மாசம் சேர்ந்து வரும்னு"ம்பாரு. அந்த "அவன்கிட்ட சொல்லுங்க"வையும் சேர்த்தே நான் கையில காட்டிருவேன், ஏன்னா அவரு சொன்னது அதுதான். அதைப் பார்த்ததும் செக்கிங் டேபிள் பையன் கேப்பான், "என்னைப் பார்த்தே சொல்லலாமே சார், அப்புறம் போன மாசமும் இதையேதான் சொன்னீங்க, சிலிப்ல பன்னெண்டு மணி நேரம் குறையுது". அதை நான் குரல்ல சொன்னதும் ஹால் அமைதியாயிரும், என்னமோ நான் கேட்ட மாதிரி ஹெச்.ஆர். என்னை முறைப்பாரு. "கேட்டது அவருங்க சார், அவரைப் பார்த்தே பதில் சொல்லுங்க"ன்னு சிரிச்சுட்டே சொல்லிரணும்.

கம்பெனிக்குப் போறதுக்கு முன்னால ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர், பீஸ் ரேட், ரிஜெக்சன் இதுக்கெல்லாம் அந்த செட்டுல என்ன சைகைன்னு அங்கயே வேலை செய்யறவங்ககிட்ட கேட்டுக்கங்க, ஒவ்வொரு கம்பெனியிலயும் அவங்களா ஒண்ணு உண்டாக்கி வெச்சிருப்பாங்க. மிசின் ஓடற சத்தத்துல காது கேக்கற ஆளுங்க கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்குவாங்க, இவங்க ஷெட்டோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு சாவகாசமா சினிமாக் கதை பேசிட்டு இருப்பாங்க, பார்க்கவே சிரிப்பா வரும்.

அது போக திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், காலேஜ் கிளாஸ், சர்ச், ஆஸ்பத்திரி, கோர்ட், ஆன்லைன் மீட்டிங். கல்யாணமும் வரும். நம்ம பக்கத்துக் கல்யாணச் சடங்கை நடத்தி வெக்கற அருமைக்காரர் சீர் பண்றப்போ ஒவ்வொரு சீரும் எதுக்குன்னு பொண்ணு மாப்பிள்ளைக்கே தெரியாம இருக்கும், முந்தின நாளே பெரியவங்ககிட்ட கேட்டு வெச்சுட்டா நல்லது.

கோர்ட், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் போகணுமா? பயமா இருக்குங்க.

புதுசுல போகாதீங்க, அனுபவம் வந்தப்புறம் போங்க. வாய் பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையிலயோ கோர்ட்ல சொல்லலாம், அது வாய்மொழி சாட்சியாவே எடுத்துக்கப்படும்னு சட்டமே இருக்கு. பழைய சாட்சியச் சட்டத்துல 119ஆவது பிரிவு, 2024 ஜூலையில வந்த புது சாட்சியச் சட்டத்துல 125. இன்டர்பிரட்டரோ சிறப்பு ஆசிரியரோ வெச்சுக் கேக்கணும், வீடியோ எடுக்கணும்னு 2013லயே சேர்த்துட்டாங்க. போக்சோ கேஸ்லயும் இன்டர்பிரட்டருக்கு இடம் இருக்கு. சாட்சி மாதிரியே நாமளும் சத்தியப் பிரமாணம் எடுக்கணும், அந்த நிமிசம் கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்யும்.

இங்க புரியலேன்னா புரியலைன்னு ஜட்ஜ்கிட்ட சொல்றதுதான் யோக்கியம். வக்கீல் சுத்தி வளைச்சு "நீங்க அங்க இல்லைங்கறது உண்மை இல்லைதானே"ன்னு கேப்பாரு, அதை அப்படியே காட்டினா யாருக்கும் விளங்காது, கேள்வியைத் திருப்பிக் கேக்கச் சொல்ல நமக்கு உரிமை இருக்கு. 2023 செப்டம்பர்ல சாரா சன்னிங்கற டெஃப் வக்கீல் சுப்ரீம் கோர்ட்லயே இன்டர்பிரட்டர் வெச்சு ஆஜரானாங்க, அதுக்கப்புறம்தான் இது என்ன வேலைன்னு பல பேருக்குத் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரியில கூட வந்த ஒறம்பரையே சொல்லிருவாங்களே, நாம எதுக்கு?

அதுதான் பெரிய பிரச்சனையே. டாக்டர் "வலி எப்ப இருந்து"ன்னு கேட்டதும் கூட வந்த அக்கா "அது ஒரு வாரமா இருக்குதுங்க"ன்னு பதில் சொல்லிரும், வலி இருக்கற பொம்பளை சும்மா உக்காந்திருக்கும். நாம நின்னா டாக்டர் கேட்டதும் அந்த அக்கா சொன்னதும் ரெண்டும் அவங்களுக்குப் போகும், உடனே கையைத் தூக்கி "ஒரு வாரம் இல்ல, ஆடி நோம்பியில இருந்து"ன்னு திருத்துவாங்க. பொம்பளைங்க சமாச்சாரம்னா வீட்டு ஆளுங்க முன்னால சொல்லவே மாட்டாங்க, அதுனால பிரசவ வார்டு, மகப்பேறு டாக்டர்னு வந்தா பொம்பளை இன்டர்பிரட்டருக்கு எப்பவும் தேவை இருக்கு.

மாத்திரை விசயத்துல ரொம்ப ஜாக்கிரதை. "ரெண்டு வேளை"ன்னு டாக்டர் சொன்னா காலையும் ராத்திரியுமா, காலையும் மத்தியானமுமான்னு கேட்டுத்தான் காட்டணும், சைகையில ரெண்டு வேளைன்னு மொட்டையா விட முடியாது. "சாப்பாட்டுக்கு முன்னாடி"ன்னா எவ்வளவு முன்னாடி? கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க.

எழுதிக் காட்டினா போதாதா?

சில பேருக்குப் போதும், பல பேருக்குப் போதாது. பள்ளிக்கூடத்துல அவங்களுக்குப் புரியற மொழியில பாடமே நடக்கலேன்னா தமிழ் வாசிப்பு எப்படி வரும்? தமிழ்ல வேற்றுமை உருபு ஒண்ணு மாறினா அர்த்தமே மாறிரும், காதுல கேட்டுப் பழகாதவங்களுக்கு அது ரொம்ப பாடு. அவங்க எழுதறதுல வரிசை மாறி இருந்தா அறிவு கம்மின்னு முடிவு கட்டிராதீங்க.

நம்ம ஊர்ல "ங்க" போடாம பேசினா சண்டையே வந்துருமே, சைகையில மரியாதை எப்படி?

யாரோ விவரமானவங்க கேட்ட கேள்வி இது. நம்ம பேச்சுல ஒவ்வொரு வாக்கியத்துலயும் மரியாதை ஒட்டிட்டே இருக்கும், வாங்க, சொல்லுங்க, இல்லீங்க, சரிங்கன்னு. சைகையில அது வால்ல ஒட்டாது, உடம்புல இருக்கும், தோள் கொஞ்சம் முன்னால சாயும், பெரியவங்களைக் காட்டறப்போ ஒத்தை விரலை நீட்டாம உள்ளங்கையைக் காட்டுவாங்க, முகம் இளகும்.

சிக்கல் எப்ப வரும்னா அவங்க காட்டறதை நாம தமிழ்ல சொல்றப்போ. ஒரு பையன் முதலாளியைப் பார்த்து விரலை நீட்டி "சொன்னது தப்பு"ன்னு காட்டறான். அதை "நீங்க சொன்னது சரியில்லீங்க"ன்னு சொல்றதா, "நீ சொன்னது தப்பு"ன்னு சொல்றதா? நம்ம வாய்ல இருந்து எது வருதோ அதுதான் அந்தப் பையனோட குணம்னு முதலாளி நினைச்சுக்குவாரு. விரல் நீட்டறது சைகையில சாதாரணம், அதுக்காக "நீ"ன்னு போட்டுரக் கூடாது. அதே சமயம் அவன் நிசமாவே கோவமா இருந்தா நாம "ங்க" போட்டு வழவழன்னு தடவியும் விடக்கூடாது, கோவப்பட அவனுக்கு உரிமை இருக்கு. முகத்தைப் பார்த்து முடிவு பண்ணணும், அரை செகண்டுதான் டைம். என்னைக் கேட்டா இந்த வேலையில வேற எதையும் விட இதுதான் கஷ்டம்.

இன்னொண்ணு, அவரு சொல்றதை "நான்"னுதான் சொல்லணும், "அவரு சொல்றாரு"ன்னு இல்ல. மீசை வெச்ச ஆளு "நான் அப்பா ஆகப் போறேன்"னு காட்டினா பொம்பளைக் குரல்ல நான் அப்படியே சொல்லுவேன், சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்.

கிராமத்துல ஸ்கூலுக்கே போகாத டெஃப் ஆளுங்க இருந்தா?

இருக்காங்க. தாராபுரம், அந்தியூர் பக்கம் உள்ள போனா வயசானவங்க, வீட்டுக்குள்ள மட்டும் புரியற சைகையோட இருப்பாங்க, ஆடு, காடு, சந்தை, சாப்பாடு எல்லாத்துக்கும் வீட்டுச் சைகை. நம்ம ஐ.எஸ்.எல். அங்க செல்லாது. அப்போ நல்லா அனுபவம் உள்ள டெஃப் ஆளையே கூட இன்டர்பிரட்டரா கூட்டிட்டுப் போவோம், நான் ஐ.எஸ்.எல்.ல காட்டறதை அவரு நடிச்சு, படம் வரைஞ்சு, பொருளைக் காட்டிப் புரிய வெப்பாரு. டைம் ரெண்டு மடங்கு ஆகும். ஆனா எனக்கு வராத விசயத்தை அவரு பத்து நிமிசத்துல வாங்கிருவாரு, அதுனால அவருக்கும் தனியா சம்பளம் கேட்டு வாங்குங்க.

வருமானம் எப்படிங்க?

மாசச் சம்பள வேலை கம்மி, பெரும்பாலும் கூப்பிட்டா போற வேலைதான். ஆரம்பத்துல இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தறது கஷ்டம், வேற ஏதாச்சும் கையில இருக்கட்டும். மணிக்கணக்கு, அரை நாள், முழு நாள்னு ரேட் வெச்சுக்கங்க, பஸ் காசு தனி, கடைசி நேரத்துல கேன்சல் பண்ணினா பாதின்னு முன்னாலயே மெசேஜ்ல போட்டுருங்க. ஒரு பெரிய கம்பெனியில விழா முடிஞ்சதும் எனக்கு சால்வையும் சாப்பாட்டு டோக்கனும் குடுத்து "உங்க சேவைக்கு நன்றிங்க"ன்னு அனுப்பி வெச்சாங்க, மைக் செட்டுக்காரருக்கு மட்டும் காசு எண்ணிக் குடுத்தாங்க. இது எல்லா இன்டர்பிரட்டருக்கும் நடக்கும். சேவை செய்யணும்னு தோணினா நீங்களே முடிவு பண்ணி செய்யுங்க, அடுத்தவங்க முடிவு பண்ணக் கூடாது. டெஃப் ஆளோட பாக்கெட்ல இருந்து வாங்கறதை விட, ஏற்பாடு பண்ற ஆபீஸ்கிட்ட கேக்கறதுதான் முறை.

கேட்ட விசயத்தை வெளிய சொல்லலாமா?

கூடாது. வீட்டுலயும் கூடாது. டெஃப் வட்டம் சின்னது, பேரைச் சொல்லாம "ஒரு திருப்பூர் பொண்ணு"ன்னு ஆரம்பிச்சாலே யாருன்னு கண்டுபிடிச்சுருவாங்க. ஒரு தடவை நம்பிக்கை போச்சுன்னா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க.

டிரெஸ் எப்படி போடணும்? உடம்பு தாங்குமா?

உங்க தோல் நிறத்துக்கு எதிரா தெரியற ப்ளெயின் கலர், பூப்போட்டது, கோடு போட்டது வேண்டாம். வளையல், பெரிய மோதிரம், மின்னற நெயில் பாலிஷ் வேண்டாம், கல்யாண வீடா இருந்தாலும். ஜன்னலுக்கு முன்னால நிக்காதீங்க, முகம் இருட்டாயிரும். பேசறவருக்குப் பக்கத்துலயே நின்னாதான் டெஃப் ஆளு ரெண்டு பேரையும் ஒரே பார்வையில பார்க்கலாம்.

உடம்புன்னா, இருபது இருபத்தஞ்சு நிமிசத்துக்கு மேல மூளை மந்தமாயிரும், கை ஆடும் ஆனா விசயம் விட்டுப் போகும். அதுனால நீளமான நிகழ்ச்சிக்கு ரெண்டு பேரு மாத்தி மாத்தி நிக்கணும். மணிக்கட்டு, தோள்பட்டை வலியை ஆரம்பத்துலயே பார்த்துக்கங்க.

எனக்கு நாப்பது வயசாகுது, இப்போ கத்துக்கலாங்களா?

தாராளமா. ஆஸ்பத்திரியிலயும் கோர்ட்லயும் வயசான முகம்னா கொஞ்சம் மதிப்பு கூடத்தான் கிடைக்குது.

நாங்க ஒரு கம்பெனி நடத்தறோம், இன்டர்பிரட்டர் வேணும்னா எப்போ சொல்லணும்?

ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க. வர்ற டெஃப் ஆளுங்க எத்தனை பேரு, சைகை மொழி தெரிஞ்சவங்களா இல்ல வீட்டுச் சைகை மட்டுமா, நிகழ்ச்சி எத்தனை மணி நேரம், யாரு யாரு பேசறாங்க, இதைச் சொல்லிருங்க. பேசறதை எழுதி வெச்சிருந்தா, பாட்டு இருந்தா, பி.பி.டி. இருந்தா முந்தின நாளே வாட்ஸ்அப்ல தாட்டி விடுங்க. படம் போடறோம்னு மொத்த லைட்டையும் அணைச்சுராதீங்க, இன்டர்பிரட்டர் மேல ஒரு லைட் எரியணும், குடிக்கத் தண்ணி வெச்சுருங்க.